எஞ்சின் மேல் இருக்கை

பசிலியாவின் தொண்டைதான் ரியோ செக்கோ நிறுத்தத்துக்கே கடிகாரமாக இருந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் வேன் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று, "செஹா, செஹா, செஹா! ரெண்டு பேர், ரெண்டே பேர், ஏறினா கெளம்பிருவோம்!" என்று அவள் கூவினால், தெருவுக்கு அந்தப் பக்கம் சுருண்டு கிடக்கும் நாய்கள்கூட எழுந்து சோம்பல் முறிக்கும். ரெண்டே பேர் என்பது சுத்தப் பொய். வேன் காலியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குரலில் ஒரு அவசரம் இருக்கும். இப்போது ஏறாவிட்டால் இனி இந்த ஜென்மத்தில் செஹா போய்ச் சேர மாட்டோம் என்று தோன்றும். ஆட்கள் ஓடி வந்து ஏறுவார்கள்.

நான் அந்த நிறுத்தத்தின் முனையில் அபி காய்ச்சி விற்கிறவள். கறுப்புச் சோளமாவில் பட்டையும் கிராம்பும் போட்டுக் காய்ச்சினால் கத்தரிப்பூ நிறத்தில் தளதளவென்று கொதிக்கும். கூடவே பஸ்தேல், ஒரு துண்டு பாலாடைக்கட்டியை உள்ளே வைத்து எண்ணெயில் போட்டால் தலையணை மாதிரி உப்பும். எங்கள் மேட்டு ஊரின் குளிருக்கு இந்த இரண்டும் வயிற்றில் இறங்காமல் எந்த ஓட்டுநரும் வண்டியை எடுப்பதில்லை. ஆகவே அவர்கள் வீட்டுச் சங்கதியெல்லாம் என் அடுப்பைத் தாண்டித்தான் போகும்.

நிகானோரும் பசிலியாவும் பிள்ளை இல்லாதவர்கள். அந்த வேன்தான் பிள்ளை. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்து, கப்பலேறி வந்து, ஸ்டியரிங்கை இடது பக்கம் மாற்றிக்கொண்ட வண்டி. எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் கிடக்கும். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை அதற்கு நேர் மேலே. கொஞ்ச தூரம் ஓடினால் போதும், அந்த இருக்கை கதகதவென்று ஆகிவிடும். அது பசிலியாவின் இடம். ஆள் ஏற்றி முடித்ததும், அடுக்கடுக்காக மடிப்பு வைத்த பாவாடையை விரித்து, முட்டை மேல் உட்காரும் கோழி போல அதில் உட்காருவாள்.

"பணக்காரிங்க வீட்டுல கணப்பு வச்சிருக்காளுங்களாம் அக்கா. என் கணப்பு எனக்குக் கீழயே ஓடுது" என்பாள்.

வண்டி வாங்கி முதல் கார்னிவல் வந்தது. கார்னிவல் செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் வீடு, கடை, தையல் மிஷின் என்று சோறு போடுகிற எல்லாவற்றுக்கும் பீர் தெளித்து, பூவும் வண்ணக் காகிதப் பொட்டும் தூவிப் படைப்போம். சல்யா என்று பெயர். பூமித்தாய் குடித்தால்தான் நமக்குக் கொடுப்பாள். அந்த ஆண்டு அவர்கள் செய்த சல்யாவை ரியோ செக்கோவே பார்த்தது. பட்டாசு, வாத்தியம், நான் பொரித்த பஸ்தேல் ஒரு கூடை. நன்றாக ஓடிய வண்டி அந்த மழைக்காலம் முடிவதற்குள் கெட்டுப்போனது.

காலையில் ஒரே திருப்பில் கிளம்பும். ஆனால் பின்னால் கறுப்புப் புகை. பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்தது. ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் போச்சு, மறுபடி எழும்பாது. பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளிவிட்டவன் அடுத்த நாள் அதில் ஏறுவானா? நிகானோர் ஊரிலிருந்த பட்டறையெல்லாம் ஏறி இறங்கினான். ஒருவன் பிளக் மாற்றினான். ஒருவன் இன்ஜெக்டரைக் கழுவினான். ஒருவன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் குப்பையில் வீசினான். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு அது ஒரு வியாதி, காய்ச்சல் என்று போனாலும் கழற்றிவிடுவார்கள். அதன் பிறகு எஞ்சின் சூடே ஏறவில்லை. அதற்கு ரேடியேட்டர் முன்னால் அட்டையைக் கட்டிவிட்டார்கள். பசிலியாவின் இருக்கை சில்லிட்டுப்போனது.

வருகிறதெல்லாம் பெட்ரோலுக்குப் போனால் வீட்டில் எதைத் தின்பது? பசிலியா எல்லைக்கு அந்தப் பக்கம், இக்கிக்கேயில், ஒரு பெரிய வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனாள். ஒரு வருஷம் என்று சொல்லித்தான் போனாள். மூன்றாவது வருஷமும் ஓடிவிட்டது. நிகானோர் தானே இறங்கி நின்று, "செஹா... செஹா..." என்று, கடன் கேட்கிறவன் மாதிரிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். முன் கண்ணாடியில் அந்தச் சல்யாவுக்குக் கட்டிய காகிதச் சுருள்கள் வெளுத்துத் தொங்கின. எடுத்தெறி என்றால் எடுக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் போன் பேசுவான். இரைச்சலில் காது கேட்காதென்று ஸ்பீக்கரைப் போட்டு வைப்பான். ஆகவே நானும் பேசியதாகத்தான் கணக்கு.

"வண்டி எப்படி ஓடுது?" என்று அவள் கேட்பாள். போகப் போக அவள் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது.

"குதிரை மாதிரி."

"பொகை?"

"பொகையா? அதெல்லாம் எப்பவோ சரியாயிடுச்சு."

நான் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் என் முகத்தைப் பார்க்க மாட்டான்.

கார்னிவலுக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள்: "திருவிழாவுக்கு வர்றேன்யா. வழியில பத்தகமாயா வரைக்கும் பஸ்ல வந்துடுவேன். அங்க வந்து நீ நம்ம வண்டியில என்னைக் கூட்டிட்டுப் போ. என் சீட்டுல ஒக்காந்து ஊருக்குள்ள வரணும்."

நிகானோர் அபி கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. வர்றேன்."

"நேர்லயே பாத்துடறேன். ஒன் குதிரை ரெண்டு பேருக்குச் சோறு போடும்னா இருந்துடறேன். போடாதுன்னா திருவிழா முடிஞ்சதும் திரும்பிடுவேன். இங்க வீட்டுக்காரப் பெரியம்மா என் எடத்தை வச்சிருக்காங்க. நானும் இனிமே வருசா வருசம் ஆசை காட்டிக்கிட்டு இருக்க முடியாது."

போனை வைத்த பிறகு அவன் கையிலிருந்த அபி ஆறி ஆடை கட்டியது. மூன்று வருஷமாக வரவேண்டும் வரவேண்டும் என்று ஏங்கியவன், வருகிறாள் என்றதும் திருடன் மாதிரி விழித்தான்.

"குதிரைக்குக் கொள்ளு வச்சியா?" என்றேன்.

"எரிச்சலைக் கெளப்பாதீங்க அக்கா."

"சபினோகிட்ட காட்டு."

"மாட்டேன்."

"ஏன்?"

"அவன் வாய் இருக்கே..."

"வாய் இருந்தா இருந்துட்டுப் போகுது. கை இருக்குல்ல?"

சபினோ பசிலியாவின் அண்ணன். அவன் பட்டறை என் அடுப்பிலிருந்து கூப்பிடு தூரம். நிகானோர் ஊரையெல்லாம் சுற்றினானே தவிர அந்த ஒரு வாசலை மட்டும் மிதிக்கவில்லை. பசிலியா பஸ் ஏறிய அன்று, வழியனுப்ப வந்த அத்தனை பேர் முன்னாலும் சபினோ, "பொண்டாட்டி பாத்திரம் கழுவுற காசுல பெட்ரோல் ஊத்தப் போறியா மாப்ளே?" என்று கேட்டுவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. இவன் வண்டி தினமும் அவன் வாசல் வழியாகத்தான் புகை கக்கிக்கொண்டு போகும். அவன் ஸ்பேனரைத் தட்டிக்கொண்டு திரும்பி நிற்பான். வீம்பு சோறு போடுமென்றால் இரண்டு பேரும் கொழுத்திருப்பார்கள்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் ஆலங்கட்டி மழை பெய்து ஓய்ந்திருந்தது. தெரு முழுக்கச் சேறும் பனிக்கட்டியும். நிகானோர் வண்டியைத் தனியாகத் தள்ளிக்கொண்டு வந்தான். கதவைத் திறந்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, தோளைக் கொடுத்துத் தள்ளினான். உதவிக்கு வந்த ஓட்டுநர்களைத் தலையை ஆட்டி அனுப்பிவிட்டான். வண்டி என்னைத் தாண்டி சபினோவின் பட்டறைப் பக்கம் திரும்பியது. நான் அடுப்பைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டுப் பின்னாலிருந்து தள்ளினேன்.

சபினோ குனிந்த தலை நிமிரவில்லை. "என்னங்க, வழி தவறிட்டீங்களா? இல்ல ஊர்ல மத்த பட்டறையெல்லாம் இழுத்துச் சாத்திட்டாங்களா?"

"மச்சான், பசிலியா வர்றா."

ஸ்பேனர் நின்றது. "எப்ப?"

"சனிக்கெழமை. பத்தகமாயாவுக்குப் போய்க் கூட்டிட்டு வரணும்."

"இதுலயா?"

"இதுலதான் வருவேன்னு சொல்லிட்டா. வண்டி சரியா இருந்தாத்தான் இருப்பாளாம். இல்லைன்னா திரும்பிப் போயிடுவா." தோளில் அப்பிய சேற்றைத் துடைத்தான். "நீ என்ன வேணும்னாலும் திட்டிக்க மச்சான். திட்டிக்கிட்டே பாரு."

சபினோ எழுந்து வந்தான். வண்டியைச் சுற்றினான். புகைக்குழாயில் விரலை விட்டு எடுத்து முகர்ந்தான். விரல் கரியாக இருந்தது.

"மூணு வருசமா இந்த நாத்தம் என் பட்டறைக்குள்ளதான் வருது. எரியாத பெட்ரோல். தெருவுல போறப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் நீ சொல்லலையே!"

"நீ கேட்டியா?"

"கேட்டாத்தான் சொல்லுவியா?"

"ஆமா. கேட்டாத்தான்."

"ரெண்டு கோவேறு கழுதையைக் கட்டி வச்ச மாதிரி நிக்கிறீங்க" என்றேன் நான். "அந்தப் புள்ளை அங்க எவளோ ஒருத்தியோட பாவாடையைத் துவைச்சுக்கிட்டிருக்கு. சீட்டைத் தூக்குங்கடா."

முதலில் ரேடியேட்டர் முன்னாலிருந்த அட்டையைப் பிய்த்தான். "இது என்ன, எஞ்சினுக்கு ஸ்வெட்டரா?" பிறகு பசிலியாவின் இருக்கையைத் தூக்கி நிறுத்தினான். எஞ்சின் கரியும் எண்ணெயுமாகக் கிடந்தது.

"தெர்மோஸ்டாட் எங்கே?"

"கழட்டிட்டான்."

"காட்டுப்பக்கம் வெக்கையில ஓட்டுறவன் கழட்டறதை நீ பனியில கழட்ட விட்டிருக்க. சரி. சென்சார் மாத்தினியா?"

"மாத்தினேனே. போன வருசம். புதுசு."

"எதை?"

நிகானோர் காட்டினான். சபினோ சிரித்தான். மூன்று வருஷத்தில் அவன் இவனைப் பார்த்துச் சிரித்த முதல் சிரிப்பு அது; கேலிதான், ஆனாலும் சிரிப்பு.

"மாப்ளே, இது முன்னால ஊசி காட்டுதே, அதுக்கு. பாரு, ஒத்தை ஒயர். இது நீ பாக்கறதுக்கு. கம்ப்யூட்டர் பாக்கறதுக்கு வேற ஒண்ணு இருக்கு, ரெண்டு ஒயர் போறது. இதோ, பின்னால ஒளிஞ்சிருக்கு. இதை எவனும் தொட்ட மாதிரியே தெரியலை."

"அதுல என்ன ஆகும்?" என்றேன்.

"அக்கா, ராத்திரி பூரா பனியில கெடந்த எஞ்சினுக்குக் காலையில பெட்ரோல் கூடுதலா ஊத்தணும். தண்ணி சூடான பிறகு கொறைச்சுக்கணும். சூடாச்சா இல்லையான்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது இதுதான். இது கெட்டுப்போனா, எஞ்சின் கொதிச்சாலும் 'குளிருது, குளிருது'ன்னே சொல்லிட்டிருக்கும். கம்ப்யூட்டரும் ஐயோ பாவம்னு ஊத்திட்டே இருக்கும். அதான் பொகை. அதான் நிறுத்தினா மூழ்கிப்போய் எழும்ப மாட்டேங்குது. நம்ம ஊசி பாட்டுக்கு நல்ல புள்ளையா நிக்கும்."

"நெசமாத்தானா?"

"சொல்லிட்டா போதுமா? பாத்துடுவோம். கெட்டில்ல வெந்நி இருக்கா?"

கெட்டிலைக் கொண்டு வந்தேன். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, சென்சாரைச் சுற்றிக் கழற்றினான். கழற்றிய துளையிலிருந்து தண்ணீர் பீறிட்டது. நிகானோர் சட்டென்று கட்டைவிரலை வைத்து அடைத்தான். சபினோ சென்சாரின் இரண்டு முனையிலும் மீட்டரின் கம்பிகளைப் பிடித்து, அதன் மூக்கை வெந்நீரில் நனைத்தான்.

"நல்லதா இருந்தா சூடு படப்பட எண் மளமளன்னு எறங்கணும்."

எண் அசையவில்லை. பெரிய எண்ணாக, கல்லாக நின்றது. கெட்டிலின் மூக்கிலிருந்து ஆவி அவன் முகத்தில் அடித்தது. கொதிக்கிற தண்ணீரில் நின்றுகொண்டு அது இன்னும் குளிருது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு ஏனோ இக்கிக்கேயிலிருந்து வரும் அந்தச் சின்னக் குரல் ஞாபகம் வந்தது.

"செத்துப்போச்சு. எப்படிச் செத்தது? சும்மா சாகாதே இது" என்று முனகிக்கொண்டே, சென்சாரில் மாட்டியிருந்த கனெக்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பாகு காய்ந்தது போல ஓரமெல்லாம் பிசுபிசுப்பு. ஆணி முனையால் சுரண்டினான். களிம்போடு சேர்ந்து ஒரு சின்ன வட்டம் வந்தது. ரோஸ் நிறக் காகிதப் பொட்டு.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம். சபினோ கனெக்டரை மூக்கருகில் கொண்டு போனான். சொல்லத் தேவையே இல்லை. புளித்த பீர்.

ஊரெல்லாம் சல்யாவுக்குச் சக்கரத்தில் ஊற்றும், முகப்பில் ஊற்றும். அந்த முதல் சல்யாவில் பசிலியா கேட்கவில்லை. "சக்கரமா எனக்குச் சோறு போடுது? எஞ்சின் குடிக்கட்டும்" என்றாள். இருக்கையைத் தூக்கி, பாட்டிலைக் கவிழ்த்தாள்; ஒரு பாட்டில், இரண்டு, பொட்டுப்பொட்டாகக் காகிதம், மறுபடி ஒன்று. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். இருக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் சபினோ.

"இந்தக் கையாலதான் பிடிச்சிருந்தேன்" என்றான் அவன். மெதுவாகக் கீழே உட்கார்ந்துவிட்டான். "பொண்டாட்டியை அனுப்பிட்டேன்னு ஒன்னைத் திட்டினேனே மாப்ளே. அனுப்பினது நாங்கதான்."

நிகானோர் இன்னும் கட்டைவிரலைத் துளையிலிருந்து எடுக்கவில்லை. "அவகிட்ட சொல்லக் கூடாது" என்றான்.

"சொன்னா என்ன?"

"எவ்வளவு ஆசையா ஊத்தினா. அதுதான் அவளை வீட்டை விட்டு அனுப்புச்சுன்னு தெரிஞ்சா தாங்குவாளா? வேண்டாம் மச்சான். சென்சார் பழசாகிப் போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

அந்தக் காகிதப் பொட்டை அவன் தூக்கிப்போடவில்லை. நகத்தில் எடுத்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். எனக்குக் கேலி செய்ய வாய் துறுதுறுத்தது. செய்யவில்லை.

மறுநாள் பெண்கள் திருநாள் வியாழன். சந்தை முழுக்கப் பெண்கள் தொப்பியில் காகிதச் சுருளைச் சுற்றிக்கொண்டு, பீர் ஏறிய முகத்தோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். மைத்துனர்கள் இருவரும் அந்தக் கூட்டத்தில் இடித்துப் பிடித்து, பழைய இரும்புக் கடைகளில் குந்தித் தேடி, ஒரு புதுச் சென்சாரும், வேறொரு உடைந்த வேனிலிருந்து வெட்டிய நல்ல கனெக்டரும், ஒரு தெர்மோஸ்டாட்டும் கொண்டு வந்தார்கள். இருவர் முதுகிலும் யாரோ மாவு அப்பியிருந்தார்கள்.

புதியதையும் என் கெட்டிலில்தான் பார்த்தான் சபினோ. மூக்கு நனைந்ததும் எண் மளமளவென்று இறங்கியது. "உசுரு இருக்கு" என்றான். செப்பு வாஷரை மாட்டி, சென்சாரைத் துளையில் வைத்து அளவாக முறுக்கினான். கனெக்டரின் ஒயர்களை ஒட்டி, டேப் சுற்றினான். தெர்மோஸ்டாட்டை அதன் கூட்டில் உட்கார வைத்தான். கூலன்ட் ஊற்றி, காற்றுக் குமிழி நிற்கும்வரை எஞ்சினை ஓட விட்டான்.

முதலில் கறுப்பாகத்தான் கக்கியது. பழைய கரி. பிறகு சாம்பல். பிறகு குளிரில் நம் வாயிலிருந்து வருமே, அந்த மாதிரி வெறும் ஆவி. எஞ்சின் சத்தத்திலிருந்த இருமல் போய்விட்டது. ஊசி நடுவுக்கு ஏறி நின்றது.

"நிறுத்து" என்றான் சபினோ.

நிகானோர் நிறுத்தினான். பட்டறையில் சத்தமே இல்லை.

"எழுப்பு."

ஒரே திருப்பில் எழுந்தது. மறுபடி நிறுத்தினான். மறுபடி எழுந்தது. அவனுக்குப் போதவில்லை. நிறுத்துவதும் எழுப்புவதுமாக, சின்னப் பிள்ளை விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிற மாதிரி. "பேட்டரியைக் கொன்னுடாதே" என்று சபினோ அதட்டினான். அதட்டலில் பழைய காரம் இல்லை.

பக்கத்து இருக்கையை இறக்கிவிட்டுக் கை வைத்தான் நிகானோர். பிறகு அதில் ஏறி உட்கார்ந்தான். அவன் இடம் அதுவல்ல; ஆனாலும் உட்கார்ந்தான்.

"சூடு வந்துருச்சு அக்கா."

"நல்லதாப் போச்சு. எறங்கு."

அவன் இறங்கவில்லை. வெளுத்த காகிதச் சுருள்களைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "இந்த சீட்டுல தெனமும் யாராவது ஒக்காருவாங்க. காசு குடுத்தவங்களை எந்திரின்னு சொல்ல முடியுமா? ஆனா கியர் மாத்தறப்பல்லாம் கை அவ பாவாடையில படற மாதிரியே இருக்கும் அக்கா. அடிக்கடி மாத்துவேன். வேண்டாத எடத்துலகூட மாத்துவேன்."

சபினோ எழுந்து, துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைக்கப் போனான். எனக்குக் கண் கரித்தது. புகை என்று சொல்லவும் வழியில்லை, புகைதான் நின்றுவிட்டதே.

சனிக்கிழமை நிகானோர் பத்தகமாயாவுக்குப் போய் அவளைக் கூட்டிவந்தான். வண்டி வழியில் எங்கும் நிற்கவில்லையாம். அங்கே அவள் கண் முன்னால் வேண்டுமென்றே சூடான வண்டியை நிறுத்தி, வேண்டுமென்றே எழுப்பிக் காட்டினானாம். தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தவள் ஊர் வரும்வரை தூங்கிக்கொண்டே வந்தாளாம்.

"தூங்கினா நல்லதுதானே?" என்று என்னிடம் கேட்டான்.

நான் அவள் கொண்டு வந்த பையைப் பார்த்திருந்தேன். சின்னப் பை. இருந்துவிட வருகிறவள் கொண்டு வருகிற பை இல்லை அது. அவனும் பார்த்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பசிலியா அடுப்புக்கு வந்து என் முன்னால் நின்றாள். வெயில் படாத முகம். ஏதோ முணுமுணுத்தாள்.

"என்னடி?"

"அபி ஒண்ணு குடுங்க அக்கா" என்றாள், இன்னும் கொஞ்சம் நெருங்கி.

"ஏன் இப்படிக் கிசுகிசுக்கற? யாராவது செத்துட்டாங்களா?"

"அங்க பெரியம்மாவுக்குத் தூக்கம் கலைஞ்சுடும். சத்தமே வரக் கூடாது. பழகிப்போச்சு." சிரித்தாள். சிரிப்பிலும் சத்தம் இல்லை. நாய்களை எழுப்பிய தொண்டை அது. அந்தப் பெரியம்மாவை நான் பார்த்தது கிடையாது. பார்க்காதது அவள் அதிர்ஷ்டம்.

"இருக்கப் போறியா, போகப் போறியா?"

"தெரியலை அக்கா. வண்டி நல்லாத்தான் ஓடுது. ஆனா எதனால கெட்டது, எதனால சரியாச்சுன்னு கேட்டா ரெண்டு ஆம்பளைங்களும் மேலயும் கீழயும் பாக்கறாங்க. பழசாயிடுச்சுங்கறாரு அவரு. காரணம் தெரியாம சரியானது காரணம் தெரியாம கெடாதா? மறுபடி ஒரு தடவை என்னால போக முடியாது. போறதுன்னா இப்பவே போயிடணும்."

செவ்வாய்க்கிழமை சல்யா. தெருவெங்கும் பட்டாசுச் சிதறலும் மழைச் சேறும். வண்டிக்குப் புதுக் காகிதச் சுருள், பூமாலை. பனியில் உலர்த்திய கிழங்கான சூன்யோவும் வறுத்த பன்றிக்கறியும் வாசலில் விரித்த துணியில் ஆவி பறந்துகொண்டிருந்தன. நிகானோர் முந்திக்கொண்டு நான்கு சக்கரத்துக்கும் பீர் ஊற்றினான். முகப்புக்கு ஊற்றினான். "ஆச்சு, ஆச்சு, சாப்பிடலாம்" என்றான்.

"ஆச்சா? எஞ்சினுக்கு?" என்றாள் பசிலியா. நாங்கள் வாயைத் திறப்பதற்குள் இருக்கையைத் தூக்கி நிறுத்திவிட்டாள். கையில் திறந்த பாட்டில்.

வேண்டாம் என்று யார் சொல்வது? சொன்னால் ஏன் என்பாள். சபினோ என்னைப் பார்த்தான். நான் சூன்யோவைப் பார்த்தேன். பாட்டில் சரிந்தது. நிகானோர் பாய்ந்து, எஞ்சின் மேல் குனிந்து, இரண்டு கையையும் குவித்து அந்தச் சென்சாரின் மேல் கவிழ்த்துக்கொண்டான். பீர் நுரைத்துக்கொண்டு அவன் புறங்கையில் விழுந்து, விரலிடுக்கில் வழிந்து, இருபுறமும் ஓடியது.

"கையை எடுய்யா."

"நீ ஊத்து. நீ பாட்டுக்கு ஊத்து."

"கையை எடுக்காம எப்படி ஊத்தறது? எஞ்சின் சுடலையா?"

"சுடலை. ஊத்து பசிலியா. எவ்வளவு வேணுமோ ஊத்து."

நிச்சயம் சுட்டிருக்கும். ஊர்வலம் சுற்றி வந்து அப்போதுதான் நிறுத்திய வண்டி. அவன் முகம் கோணியது, கை நகரவில்லை. பசிலியா பாட்டிலை நிமிர்த்தினாள். குனிந்து அவன் விரல்களுக்கு அடியிலிருந்து வரும் ஒயரைப் பார்த்தாள். கரி படிந்த எஞ்சினில் அந்த இடம் மட்டும் புதுசு, புது டேப். அண்ணனைப் பார்த்தாள். சபினோ தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ தேடினான்.

அவள் முட்டாள் இல்லை.

"நான் ஊத்தினதா?" என்றாள்.

நிகானோர் எஞ்சின் மேல் இன்னும் குனிந்தான்.

"அண்ணே, ஒன்னைத்தான். போன தடவை நான் ஊத்தினதாலயா?"

"நீ மட்டும் இல்ல. சீட்டைத் தூக்கிப் பிடிச்சது நானு" என்றான் சபினோ.

"நானே ஊத்தி, நானே போய், மூணு வருசம்..." பாட்டிலை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதலில் தெரியவில்லை. அழுதாள். அதுவும் சத்தமில்லாமல், அங்கே கற்ற மாதிரி. "ஏன்யா சொல்லலை?"

"நீ ஆசையா ஊத்தினே" என்றான் நிகானோர். இன்னும் கையை எடுக்கவில்லை.

அவள் பாட்டிலில் மிச்சமிருந்ததைத் தெருச் சேற்றில் கவிழ்த்தாள். "தாயே, ஒனக்குத் தாகம்னா மண்ணுல குடி. இனிமே எஞ்சினுக்குள்ள வந்து நிக்காதே." பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, சிவந்துபோன கைகளைத் தன் பாவாடை ஓரத்தால் விரல் விரலாகத் துடைத்தாள்.

நான் பையைப் பற்றி அன்று கேட்கவில்லை. எனக்கும் கொஞ்சம் இங்கிதம் உண்டு.

திருவிழா முடிந்து தெரு மறுபடி வேலைக்குத் திரும்பிய காலை, மழை பிடித்துக்கொண்டிருந்தது. நிகானோரின் வண்டி வரிசையில் முதலாவதாக நின்றது. பசிலியா பழைய தொப்பியோடு வந்து அபி வாங்கினாள்.

"அங்க இருக்கற துணிமணி?" என்றேன்.

"கெடக்கட்டும் அக்கா. அடுத்து வர்றவ உடுத்திக்கட்டும்."

கிளாஸை வைத்துவிட்டுப் போனாள். படியில் ஒரு கால், தரையில் ஒரு கால். வாயைத் திறந்தாள். "செஹா" என்று ஏதோ வந்தது, காற்று. யாரும் திரும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். மறுபடி கூப்பிட்டாள், பாதியில் கீச்சிட்டு உடைந்தது. குடை பிடித்துப் போன ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். நான் கையிலிருந்த மாவைச் சட்டியில் போட மறந்து நின்றேன். மூன்றாவது தடவை அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"செஹா, செஹா, செஹாஆ! ரெண்டு பேர், ரெண்டே பேர், ஏறினா கெளம்பிருவோம்!"

எதிர்ப்பக்கத்து நாய் ஒன்று எழுந்து நின்றது. ஆட்கள் சேற்றில் ஓடி வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக ஏறி, இருக்கையெல்லாம் நிரம்பிவிட்டது. அவளுடையது மட்டும் காலி. பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். உள்ளேயிருந்து, "எடுப்பா, நேரமாச்சு" என்று சத்தம் வந்தது. நிகானோர் கியரில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். வண்டியை எடுக்கவில்லை. இன்னும் ஒரு தடவை கூப்பிடட்டும் என்று காத்திருந்தான்.